வீட்டிலிருந்து பலகாரம் விற்கப் போகிறீர்களா? முதலில் ஒரு தனி நம்பர் வாங்குங்கள்

கோலாலம்பூரில் வீட்டிலிருந்தே ஏதாவது செய்து விற்கத் தொடங்குகிறவர்கள், அதிலும் பலகாரம், கேக், மதியச் சாப்பாடு என்று இறங்குகிற நம் அக்கா தங்கைகள், எடுத்த எடுப்பில் கேட்பது ‘ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடணுமா, டிக்டாக்கில் போடணுமா?’ என்பதைத்தான். இரண்டும் அப்புறம். முதலில் தொழிலுக்கென்று ஒரு தனி நம்பர் வாங்குங்கள் என்பதுதான் என் பதில். கேட்கிறவர் முகம் சுருங்கினாலும் அதையேதான் சொல்வேன்.

காரணம் தெரிய வேண்டுமென்றால் செந்தூலில் இருக்கும் என் அண்ணியின் போனைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மேலே தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுவில் நாளைப் புறப்பாட நடவடிக்கைக்கு எந்தச் சட்டை என்ற விவாதம். அதற்குக் கீழே கோயில் திருவிழா உபயக்காரர் பட்டியல். அதற்குக் கீழே பினாங்குச் சின்னம்மா அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கம். அதற்கும் கீழே, யாரும் திறக்காமல், ‘அக்கா அச்சு முறுக்கு இருக்கா, பத்து டப்பா வேணும்.’ வந்தது முற்பகல், அண்ணி பார்த்தது ராத்திரி அடுப்பைத் துடைத்து விளக்கை அணைத்த பிறகு. அதற்குள் அந்த ஆள் வேறு எங்கோ வாங்கிவிட்டார். நடுவில் போன் எட்டு வயது மகன் கையில் இருந்திருக்கிறது, விளையாட்டுக்குக் குறுக்கே இறங்கிய அறிவிப்பை அவன் விரலால் தள்ளிவிட்டுவிட்டான், அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

வியாபாரம் நடக்கவில்லை என்று சொல்கிற பல வீடுகளில் நடப்பது இதுதான். கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. வீட்டையும் தொழிலையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்துக்கொள்ளலாம், வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரே நம்பரில், ஒரே வங்கிக் கணக்கில், ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

நம்பரும் வாட்ஸாப்பும்

ஒரு பிரீபெய்ட் சிம் போதும். மைகார்டைக் காட்டி உங்கள் பெயரில் பதியுங்கள், மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ வேண்டாம், நாளைக்கு அந்த நம்பர் தொலைந்தால் மாற்று சிம் வாங்க அவர்தான் கடைக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் கைப்பேசியில் இரண்டு சிம் போட இடம் இருந்தால் அதிலேயே போடுங்கள். இல்லையென்றால் அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய போனை எடுங்கள், திரையில் கீறல் இருந்தால் என்ன, மின்கலம் அரை நாள் தாங்கினால் சரி. பிரீபெய்டில் ஒரு தொந்தரவு, பணம் போடாமல் விட்டால் நம்பர் செத்துப்போகும், பிறகு அதே நம்பர் வேறொருவர் கைக்குப் போகவும் கூடும். டப்பா மூடியெல்லாம் அந்த நம்பரை ஒட்டிய பிறகு அப்படி நடந்தால் தலையில் துண்டுதான். நீண்ட நாள் செல்லுபடி தரும் திட்டம் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

அந்த நம்பரில் வாட்ஸாப் பிசினஸ் என்ற செயலியைப் பதிவிறக்குங்கள். இலவசம். உங்கள் சாதாரண வாட்ஸாப்புக்குப் பக்கத்திலேயே அதே போனில் உட்காரும், இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதாது, ஆனால் ஒரே நம்பரை இரண்டிலும் போட முடியாது. சிலர் பழைய நம்பரையே பிசினஸுக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சின்னம்மாவின் ரோஜாப்பூவும் கூடவே வந்து சேரும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

உள்ளே போனதும் முதலில் செய்ய வேண்டியது அழகான படம் வைப்பது இல்லை, பூட்டுப் போடுவது. அமைப்புகளில் கணக்கு என்ற பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கும், அதில் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை வைத்து மீட்பு மின்னஞ்சலையும் கொடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் தரக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், முக்கியமாக அம்மாவுக்கு. ‘மாமாதானே கேட்டார்’ என்பார்கள். மாமாவின் கணக்கு ஏற்கெனவே திருடுபோயிருந்தால் கேட்பது மாமா இல்லை. அதேபோல் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் தொடவே வேண்டாம், பத்திரிகை வைக்கிறவர்கள் படமாகத்தான் அனுப்புவார்கள், செயலியாக அனுப்ப மாட்டார்கள்.

அப்புறம் நிதானமாக உட்கார்ந்து வரவேற்புச் செய்தி, வெளியே இருக்கும்போது போகும் செய்தி, வேலை நேரம், மூன்றையும் நிரப்புங்கள். வரவேற்புச் செய்தி ஒருவர் முதல்முறை எழுதும்போதும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதும்போதும் தானாகப் போகும். அதில் ‘உங்கள் வருகைக்கு நன்றி’ என்று மட்டும் போட்டு ஒரு பயனும் இல்லை. என்ன இருக்கிறது, எப்போது பதில் வரும், எங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று வரி போதும். தமிழில் எழுதி, கீழே மலாயில் ஒருமுறையும் எழுதுங்கள், பக்கத்து வீட்டு மக்சிக்கும் எதிர்வீட்டு சீன ஆண்ட்டிக்கும் முறுக்கு பிடிக்கும். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவர்கள் வீட்டு மேசைகளில் முறுக்கு டப்பா இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது ஒரு தனிச் சந்தை, தீபாவளியை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விரைவுப் பதில்கள் என்று ஒன்று இருக்கிறது. இதை யாரும் தொடுவதில்லை, எனக்கோ இதுதான் மொத்தச் செயலியிலேயே பிடித்த வசதி. சாய்கோடு போட்டு ‘விலை’ என்று தட்டினால் நீங்கள் முன்பே எழுதி வைத்த விலைப்பட்டியல் முழுதாக வந்து நிற்கும். விலை, முகவரி, பணம் கட்டும் விவரம், ஆர்டர் உறுதி என்று நாலு எழுதி வைத்தால் மாவுக் கையோடு விரல் நுனியால் தட்டி அனுப்பிவிட்டு அச்சைப் பிழியலாம். லேபிள்களையும் பயன்படுத்துங்கள்: புது ஆர்டர், பணம் வந்தது, கொடுத்தாச்சு. இந்த மூன்று இருந்தால் ‘அக்கா நான் பணம் போட்டேனே’ என்று ஒருவர் கேட்கும்போது மேலும் கீழும் தேட வேண்டாம்.

விலையை மறைக்காதீர்கள்

‘விலைக்கு பிஎம் பண்ணவும்’ என்று எழுதுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது. இணையத்தில் பொருள் விற்கிறவர் விலையைக் காட்ட வேண்டும் என்று 2013 முதலே மின்வணிகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதி இருக்கிறது, உள்நாட்டு வாணிப அமைச்சு இதைப் பலமுறை எச்சரித்தும் இருக்கிறது. விதியை விடுங்கள், வியாபாரமாகவே யோசித்துப் பாருங்கள், விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள். விலையும் எடையும் சேர்த்து எழுதுங்கள். ‘ஒரு டப்பா 18 வெள்ளி’ என்றால் எந்த டப்பா? ‘500 கிராம், 18 வெள்ளி, டப்பாவோடு, கொண்டுவந்து கொடுக்கும் செலவு தனி’ என்றால் பேச்சே முடிந்தது.

செயலியில் கேட்டலாக் என்ற பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், விலை, விளக்கம் போடலாம். 500 பொருள் வரை இடம் கொடுக்கிறார்கள், உங்களுக்கு ஆறு போதும். உண்மையாகவே ஆறுதான் சொல்கிறேன். எல்லாம் செய்வோம் என்று முப்பது வகை போட்டால் வாரத்தில் ஒருவர் ஓமப்பொடி கால் கிலோ, இன்னொருவர் அதிரசம் பத்து, மற்றொருவர் நெய் உருண்டை ஒரு டப்பா கேட்பார், மூன்றுக்கும் தனித்தனி மாவு, தனித்தனி எண்ணெய், லாபம் காஸ் சிலிண்டருக்கே போய்விடும்.

படம் எடுக்கும்போது

போன் நல்ல போனா என்று கவலைப்படுவதற்கு முன் அதன் கண்ணாடியைத் துடையுங்கள். சமையலறையில் இருக்கும் போனின் கேமராமேல் எண்ணெய்ப் படலம் இருக்கும், படம் பனிமூட்டமாக வருவது அதனால்தான், புதுப் போன் வாங்கினாலும் இரண்டே வாரத்தில் அப்படித்தான் ஆகும். வேட்டித் துணியின் ஓரத்தால் துடைத்தாலே தெளிந்துவிடும்.

மற்றபடி வெளிச்சம்தான் எல்லாம். குழல்விளக்கின் கீழ் எடுத்த முறுக்கு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் பக்கத்து ஜன்னல் இருக்குமே, காலை ஒன்பது மணிவாக்கில் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் வெள்ளைத் தட்டையோ வாழையிலையையோ வையுங்கள், விளக்கை அணையுங்கள், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுங்கள். முறுக்கின் முள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும். ஒன்றை உடைத்து உள்பக்கம் காட்டி ஒரு படம், டப்பாவை ஒருவர் கையில் பிடித்து அளவு தெரிய ஒரு படம். பின்னால் பிள்ளையின் சீருடை தொங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சீருடையில் பள்ளியின் பெயர் இருக்கும், வீட்டு எண் தெரியும் கதவும் வேண்டாம், முன்பின் தெரியாதவர்கள் பார்க்கப் போகிற படம் அது.

இணையத்தில் கிடைக்கும் அழகான முறுக்குப் படத்தை எடுத்துப் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். வாங்கியவர் டப்பாவைத் திறக்கும்போது தெரிந்துவிடும்.

போன் நிரம்பிவிட்டது என்கிறதா?

இது தனியாகவே எழுத வேண்டிய விஷயம், ஏனென்றால் ‘போன் ஸ்லோ ஆயிருச்சு, புதுசு வாங்கணும்’ என்று வருகிற பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையான நோய் குடும்பக் குழுக்கள்தான். காலை வணக்கப் படங்கள், சாமி படங்கள், யாரோ இருமலுக்கு வைத்தியம் சொல்லும் ஐந்து நிமிடக் காணொளிகள், எல்லாம் கேட்காமலேயே இறங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். வாட்ஸாப் அமைப்புகளில் சேமிப்பகமும் தரவும் என்ற இடத்துக்குப் போய் படம், ஒலி, காணொளி தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அதே இடத்தில் சேமிப்பகத்தை நிர்வகி என்பதைத் தொட்டால் ஐந்து எம்பிக்கு மேல் உள்ளவை, பலமுறை பகிரப்பட்டவை என்று தானே பிரித்துக் காட்டும். மொத்தமாகக் குறியிட்டு அழிக்கலாம். அதற்கு முன் பிள்ளையின் நடனக் காணொளி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அதை அழித்தால் வீட்டில் நடக்கப் போவதற்கு நான் பொறுப்பில்லை.

ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸாப்பின் காப்புப் பிரதி உங்கள் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில்தான் போய் விழுகிறது. அது நிரம்பினால் காப்பு எடுப்பது நின்றுவிடும், ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். தொழிலுக்குத் தனி ஜிமெயில் ஒன்று திறந்து, அதைத் தொழில் வாட்ஸாப்பின் காப்புக்குக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கடவுச்சொல்லைச் சமையலறை நாள்காட்டியின் பின்னால் எழுதி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நாள்காட்டி பார்ப்பார்கள், பீரோவுக்குள் வையுங்கள்.

முதல் வாடிக்கையாளர்கள் எங்கே?

ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள்தான். கணவரின் அலுவலகம், தாமான் குழு, பிள்ளையின் பள்ளி, வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கிறவர்கள். தாமான் குழுவில் போடுவதற்கு முன் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் போடாதீர்கள். தினமும் போட்டால் குழுவையே ஊமையாக்கி வைத்துவிடுவார்கள், குப்பை லோரி வராத செய்தியும் சேர்ந்து போய்விடும்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் என்பதைப் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் ஆர்டர் கொடுக்கும்போதே ‘நம்பரை முறுக்கு அக்கான்னு சேவ் பண்ணிக்கங்க, தீபாவளிக்கு லிஸ்ட் அனுப்புறேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்களும் அவர்கள் நம்பரைச் சேமித்துக்கொண்டால் உங்கள் ஸ்டேட்டஸும் அவர்களுக்குத் தெரியும். எண்ணெயில் முறுக்கு சிவக்கும் பத்து வினாடிக் காணொளி ஒன்று ஸ்டேட்டஸில் போட்டால், காசு கட்டிப் போடும் விளம்பரத்தைவிட அதிக ஆர்டர் வரும் என்பது நான் பக்கத்திலிருந்து பார்த்தது.

இன்னொன்று, டப்பா மூடி. வாட்ஸாப் பிசினஸிலேயே உங்கள் உரையாடலுக்கு நேராகக் கொண்டுபோகும் கியூஆர் குறியீடு கிடைக்கும், அதைச் சின்ன ஸ்டிக்கராக அடித்து மூடியின்மேல் ஒட்டுங்கள். முறுக்கு தீரும்போது மூடி அவர் கையில்தான் இருக்கும், மறுபடி வாங்கும் எண்ணம் வருவதும் அப்போதுதான். பணம் கட்டும் கியூஆரை அதே மூடியில் ஒட்டாதீர்கள், எதை ஸ்கேன் பண்ணுவது என்று குழம்பிப்போவார்கள்.

காசு கொடுத்து விளம்பரம் போடுவது பழைய வாடிக்கையாளர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரத் தொடங்கிய பிறகுதான். போடும்போதும் நாடு முழுக்கப் போடாமல் உங்கள் வீட்டைச் சுற்றிச் சில கிலோமீட்டர் மட்டும் தேர்ந்தெடுங்கள். ஜொகூரில் ஒருவர் லைக் போட்டு என்ன செய்ய? ஃபேஸ்புக் பக்கம் திறந்த சில நாளில் ‘விதிமீறல், உங்கள் பக்கம் மூடப்படும், இங்கே சொடுக்கவும்’ என்று செய்தி வரும். அது மோசடி, அழித்துவிடுங்கள்.

கூகுள் மேப்பில் பெயர்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலாக இருக்க வேண்டும், அதாவது அவர் வந்து எடுக்க வேண்டும் அல்லது நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்றால் முகவரியை மறைத்துவிட்டு சேவைப் பகுதிகளை மட்டும் காட்டலாம், செந்தூல், ஸ்தாப்பாக், கெப்போங், பத்துமலை என்று 20 பகுதி வரை. சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் காணொளி கேட்கிறார்கள். தெருப் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கி, வீட்டுக்குள் வந்து, உங்கள் அச்சு, டப்பா, ஸ்டிக்கர், பதிவுச் சான்றிதழ் வரை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். முதல்முறை நிராகரித்தால் மனம் உடைய வேண்டாம், மறுபடி எடுங்கள், நடுவில் அம்மா ‘யாருக்குடா படம் புடிக்கிற?’ என்று கேட்டாலும் நிறுத்தாதீர்கள். விமர்சனம் எழுதினால் இலவச முறுக்கு என்று ஆசை காட்டக் கூடாது, கூகுள் அதை அனுமதிப்பதில்லை. அத்தை மகள்கள் எல்லாரும் வரிசையாக ஐந்து நட்சத்திரம் போடுவதும் வேண்டாம்.

பணமும் பதிவும்

மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்மில், தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஈஸிபிஸ் என்ற அவர்களின் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். அடையாளக் கார்டில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வங்கியில் தொழில் கணக்கு திறக்க முடியும், தெக்குன் நேஷனலின் ஸ்புமி மாதிரி இந்தியத் தொழில்முனைவோருக்கான கடன் திட்டங்களுக்கும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தொழில் கணக்கு திறந்ததும், நாம் வாங்கினோமே அந்தத் தனி நம்பர், அதை, கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்ப உதவும் டூயிட்நவ்வில் அந்தக் கணக்கோடு இணைக்க முடியுமா என்று அதே வங்கியில் கேளுங்கள். ஒரு கைப்பேசி எண்ணை ஒரு நேரத்தில் ஒரே கணக்கோடுதான் இணைக்கலாம், உங்கள் சொந்த நம்பர் ஏற்கெனவே சம்பளக் கணக்கிலோ குடும்பக் கணக்கிலோ மாட்டியிருக்கும். இங்கேதான் இரண்டாவது சிம்மின் அருமை தெரியும், ஆர்டர் கொடுத்த நம்பருக்கே பணம் அனுப்பலாம் என்றால் வாடிக்கையாளருக்கும் தலைவலி இல்லை. மாவு வாங்கிய காசும் பிள்ளையின் டியூஷன் காசும் கலக்காமல் இருந்தால் மாதக் கடைசியில் உண்மையில் லாபம் எவ்வளவு என்று தெரியும், பலருக்கு அது முதல்முறை தெரியும்போது அதிர்ச்சியாக இருக்கும், சரி, தெரியாமல் இருப்பதற்கு அது மேல். வருமான வரிக்கும் அதே கணக்குதான். தொழில் வருமானம் உள்ளவர் நிரப்புவது பி பாரம், கெடு ஜூன் 30.

பணம் வந்ததா என்பதற்கு அத்தாட்சி உங்கள் வங்கிச் செயலி மட்டுமே, அவர் அனுப்பும் ரசீதுப் படம் இல்லை. ரசீதைப் போலியாகச் செய்வது பிள்ளை விளையாட்டு. புதியவர்களை அதிகம் ஏமாற்றும் இன்னொரு வகை பெரிய ஆர்டர். ராணுவ முகாமிலிருந்தோ பள்ளியிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி இருநூறு பேருக்குச் சாப்பாடு என்பார்கள். நீங்கள் சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ‘கூடவே இந்தச் சப்ளையரிடம் சில பொருள் வாங்கி வைங்க, எல்லாம் சேர்த்து நாங்க கொடுத்துடுறோம்’ என்று ஒரு நம்பர் வரும். அந்தச் சப்ளையரும் அவர்கள் ஆள்தான். முன்பணம் உங்கள் கணக்கில் ஏறாமல் ஒரு கிலோ அரிசிகூட ஊற வைக்காதீர்கள். சந்தேகமான கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பணம் போயே விட்டது என்றால் உடனே வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தூங்கிவிட்டு அழைத்தால் பணம் பல கணக்கு தாண்டியிருக்கும்.

உணவு விற்கிறவர்கள் டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாள்வோர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும், ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். வீட்டிலிருந்து செய்வதற்கு உரிமம் பற்றி கோலாலம்பூர் என்றால் மாநகர் மன்றத்திடமும், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்றால் அந்தந்த மன்றத்திடமும் கேளுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் நிர்வாகக் குழுவிடமும் பேசிவிடுவது நல்லது. ஹலால் முத்திரையைச் சான்றிதழ் இல்லாமல் டப்பாவில் போடுவது குற்றம், யாரோ கேட்டார்கள் என்று இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று தெளிவாக எழுதினால் போதும், வேர்க்கடலை இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

வீட்டுக்குள் பேசி வைக்க வேண்டியவை

தொழில் போனைப் பிள்ளைகள் தொடக் கூடாது. இதில் தள்ளுபடியே கிடையாது. பதில் எழுத ஆள் வேண்டுமென்றால் பெரிய மகளின் போனை இணைக்கப்பட்ட சாதனமாகச் சேர்க்கலாம், நான்கு சாதனம் வரை சேரும், அவள் கல்லூரியிலிருந்தே பார்த்துப் பதில் போடுவாள். தேர்வு வந்தால் எடுத்துவிடுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வெளியே இருக்கிறோம் செய்தி தானாகப் போகட்டும், நீங்கள் சாப்பிட உட்காருங்கள். முதல் வாரம் கை அரிக்கத்தான் செய்யும்.

கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கணவர் தலையில் கட்டுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். ஆறு மணிக்கு ஜாலான் ஈப்போ நெரிசலில் ஒரு டப்பாவுக்காகக் கெப்போங் போய் வருகிற பெட்ரோலையும் அவர் முகத்தையும் பார்க்கிறபோது, லாலாமூவோ கிராப் எக்ஸ்பிரஸோ பதிந்து கட்டணத்தை வாங்குகிறவரிடமே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். வாரத்தில் இரண்டு நாள் ஓரிடத்தில் வந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் இன்னும் நல்லது, எல்ஆர்டி நிலையம் பக்கம் என்றால் வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தோது.

அம்மாவோ மாமியாரோ ரகசியக் கைப்பக்குவத்தோடு உங்களுடன் வேலை செய்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் சம்பளம் எடுத்து வையுங்கள். ‘எனக்கு எதுக்கும்மா காசு’ என்பார்கள். கொடுங்கள். அவர்கள் ‘ஒரு கை மாவு, கண்ணளவு உப்பு’ என்று சொல்வதைத் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதுவதும் உங்கள் வேலைதான், இல்லாவிட்டால் போன மாத முறுக்கும் இந்த மாத முறுக்கும் வேறு வேறாக இருக்கும், விளம்பரம் கூட்டி வந்த ஆளை அதுவே துரத்திவிடும்.

தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே பட்டியலை அனுப்புங்கள், பத்து நாள் முன்பு ஆர்டரை மூடுங்கள், மூடும் தேதியைப் பட்டியலின் முதல் வரியிலேயே போடுங்கள். மூடியாச்சு என்றால் மூடியாச்சு. அதற்குப் பிறகும் பெரியப்பா வீட்டிலிருந்து போன் வரும், ‘நம்ம வீட்டுக்கு நாலு டப்பா போட்டுரு, காசெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று. மறுக்க முடியாது. ஆகவே முதல் நாளே அந்த நாலு டப்பாவையும் மொத்தக் கணக்கில் சேர்த்து மாவு வாங்கிவிடுங்கள், கணக்கு நோட்டில் ‘சொந்தம்’ என்று ஒரு தலைப்பு போட்டு அடக்கவிலையில் எழுதி வையுங்கள்.